பத்து வெள்ளியின் பயணம்

ஜாசின் பட்டணத்துக்குப் பக்கத்தில், முன்பு பால்மரத் தோட்டமாக இருந்து இப்போது பாதி செம்பனையாகவும் பாதி தாமான் என்கிற வீடமைப்புப் பகுதியாகவும் பிரிந்துவிட்ட ஓரிடத்தில், கற்பூரமும் வெற்றிலையும் தோசை மாவும் தமிழ்ப் பத்திரிகைகளும் ஒருங்கே விற்கிற சிறிய மளிகைக் கடையொன்றின் வாசலில், சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை நான் கண்ட காட்சி இது. பதினான்கு பதினைந்து வயதிருக்கும் பையன் ஒருவன் சிவப்பு நிறப் பத்து வெள்ளித் தாளொன்றைக் கல்லாவின் மேல் வைத்தான். கடைக்காரர் ஒரு சிறு இயந்திரத்தில் இரண்டு மூன்று பொத்தான்களை அழுத்தி, நீண்ட எண்ணொன்று அச்சிட்ட துண்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். பையன் அந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாகக் கைப்பேசியில் தட்டி முடித்ததும் சீட்டைக் கசக்கி வாசலிலிருந்த குப்பைத் தொட்டியில் போட்டான். பக்கத்தில் வெற்றிலைக் கட்டைப் பிரித்துக் காம்பு பார்த்துக்கொண்டிருந்த அவன் பாட்டி நிமிர்ந்து கேட்டார்:

"என்னய்யா வாங்குன? கையில ஒன்னையும் காணோமே?"

"வைரம், பாட்டி. கேம்ல போடறதுக்கு."

"வைரமா? எங்க, காட்டு."

அவன் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினான். நீலமாக மின்னும் சிறு கல்லின் படமும், அதன் பக்கத்தில் ஓர் எண்ணும் தெரிந்தன. அந்த மூதாட்டி நெடுநேரம் உற்றுப் பார்த்தார், ஏசவில்லை. "இதே பத்து வெள்ளியத்தான் எங்கப்பா சம்பளத்துக்குச் சம்பளம் சங்கத்துல கட்டுனாரு. அதுக்கு ரசீது குடுப்பாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, வெற்றிலைக்குக் காசு கொடுத்துப் பேரனோடு நடந்தார்.

அவர் குறிப்பிட்ட சங்கம் எது என்பது மலேசியத் தமிழரில் மூத்த தலைமுறைக்குச் சொல்லாமலே விளங்கும். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பிய முதலாளிகள் தங்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தலைப்பட்டபோது, வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோகிற நிலையில் நின்ற தோட்டத் தொழிலாளர்களை ஒன்றுசேர்த்து, துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தொடங்கியதே தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். பத்துப் பத்து வெள்ளியாகத் தவணை கட்டி நூறு வெள்ளிப் பங்கொன்றுக்கு உரியவராகலாம் என்று அவர் தோட்டந்தோட்டமாகச் சென்று சொன்ன சொல்லை நம்பி, பால்வாளி சுமந்த கைகள் கொடுத்த காசிலிருந்துதான் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலாவதாகவும், பிற்பாடு வேறு பல தோட்டங்களும் வாங்கப்பட்டன. அந்தப் பத்து வெள்ளி கண்ணுக்குத் தெரியும் மண்ணாக மாறியது. இந்தப் பத்து வெள்ளி திரையில் மின்னும் கல்லாக மாறிற்று.

இப்படிச் சொல்வதனால் முன்னது புண்ணியம், பின்னது பாவம் என்று தீர்ப்புக் கூறிவிடலாகாது. அந்தக் காலத்துத் தொழிலாளியும் சம்பளம் முழுவதையும் சங்கத்தில் கட்டிவிடவில்லை; அவனுக்கும் சினிமா இருந்தது, திருவிழா இருந்தது, தீபாவளிப் பட்டாசு இருந்தது. நாள் முழுவதும் உழைத்த மனிதன் தன் களைத்த பொழுதுக்கு ஒரு சந்தோஷத்தை விலைகொடுத்து வாங்குவது அவனுடைய நியாயமான உரிமை. நான் கேட்க விரும்புவது ஒன்றே: அந்த விலை இன்னதென்று கொடுப்பவனுக்குத் தெரிகிறதா, கொடுத்த காசு எங்கே போய்ச் சேருகிறது என்பதை அவன் அறிவானா என்பதுதான்.

ஜாசின் அடங்கிய மலாக்கா மாநிலத்துக்கு இந்தக் கேள்வி புதிதன்று. மலாயாவில் வாணிக முறையில் ரப்பர் பயிரிட்ட முதல் தோட்டம் இந்த மாநிலத்தின் புக்கிட் லிந்தாங்கில், 1896ஆம் ஆண்டில், டான் சாய் யான் என்ற சீனச் செல்வர் உண்டாக்கியது. அடுத்து அவரே புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் ஒன்றைத் தொடங்கினார். அவ்வாறு பெருகிய தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த நம் முன்னோர்களின் ஓய்வு நேரத்தைச் சுற்றி அன்றே ஒரு வியாபாரம் எழுந்தது. தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பக்கத்திலேயே மளிகைக் கடை இருந்தது. சம்பள நாள் வரையில் பற்றுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு சாமான் கொடுத்தார்கள். எழுத்தறியாதவன் தன் பற்று எவ்வளவென்று சம்பளத்தன்றுதான் அறிந்தான். அதற்குச் சற்றுத் தள்ளிக் கள்ளுக்கடை இருந்தது. அங்கேயும் காசு சேர்ந்தது, ஆனால் குடித்தவன் வீட்டில் சேரவில்லை. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வு கேட்டதோடு நில்லாமல் கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கோரினார்கள். தங்கள் களைப்பிலிருந்தே லாபம் கறக்கப்படுவதைப் பள்ளிக்கூடம் பாராத அந்த மனிதர்கள் கண்டுகொண்டார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு அவர்கள்பால் பெருமதிப்பு உண்டாகிறது.

கைப்பேசி விளையாட்டைக் கள்ளோடு ஒப்பிடுவதல்ல என் கருத்து. லாபம் பிறக்கும் வழியைத்தான் ஒப்பிடுகிறேன். உலகத்தில் மின்னணு விளையாட்டுகள் ஈட்டுகிற வருவாயில் ஏறக்குறைய பாதி இன்று கைப்பேசி விளையாட்டுகளிலிருந்து வருகிறது. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை இலவசமாகவே கைக்கு வருகின்றன. இலவசமாகக் கொடுத்துவிட்டு எப்படிச் சம்பாதிக்கிறார்கள் என்பது சாமானியருக்கு எழும் முதல் சந்தேகம். விடை இதுதான்: ஆடுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரு காசும் கொடுப்பதில்லை, அவர்கள் நடுவில் வரும் விளம்பரங்களைப் பார்த்து அந்த வகையில் வருமானம் தருகிறார்கள். மிகச் சிலர்தாம் பணம் கொடுக்கிறார்கள். அந்தச் சிலரிலும் ஒரு சிறு பகுதியினர் பெருந்தொகை கொடுக்கிறார்கள். இப்படிப்பட்டவர்களைத் தொழில் வட்டாரத்தில் 'திமிங்கலம்' என்றே அழைக்கிறார்கள். ஆயிரம் பேருக்கு இலவசமாக ஆட்டம் காட்டி, அந்தக் கூட்டத்தில் அகப்படுகிற சில திமிங்கலங்களால் ஜீவிக்கிற வியாபாரம் இது.

காசு நேராகக் காசாக இருந்தால் கை தயங்கும் என்பதை அறிந்தே அதை வைரமாகவும் பொற்காசாகவும் மாற்றிவிடுகிறார்கள். வைரம் விற்கும் கட்டுகளின் அளவும், ஆட்டத்தின் உள்ளே வீரர்களுக்கென்று விற்கிற 'ஸ்கின்' என்னும் உடைகளின் விலையும் பல ஆட்டங்களில் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. ஒரு வீரனின் உடைக்குத் தேவையான வைரத்தை வாங்கப் போனால் சற்றுக் கூடுதலாகவே வாங்க நேரிடும். மிஞ்சிய சில வைரங்கள் கணக்கில் கிடந்து, 'இன்னும் கொஞ்சம் சேர்த்தால் வேறொன்று வாங்கலாமே' என்று நாள்தோறும் நினைவூட்டிக்கொண்டிருக்கும். பண்டிகைக்குப் பண்டிகை புதிய உடை வரும்; குறித்த நாளுக்குள் வாங்காவிட்டால் மறுபடி கிடைக்காது என்று கடிகாரம் ஓடும். பற்றுப் புத்தகத்தில் எழுதிய கணக்கப்பிள்ளையாவது கண்ணெதிரே இருந்தார். இங்கே எழுதுகிற கை தெரிவதில்லை.

அந்தப் பத்து வெள்ளி போகிற பாதையையும் சற்றுப் பின்தொடர்வோம். கைப்பேசிக்குள்ளேயே ஆப்பிள் அல்லது கூகுள் கடை வழியாக வாங்கினால், விலையில் 30 விழுக்காடு வரையில் அந்தக் கடைக்கே போய்விடும். சிறிய நிறுவனங்களுக்கு மட்டும் 2021 முதல் அதை 15 விழுக்காடாகக் குறைத்திருக்கிறார்கள். சீட்டு வாங்கிப் போட்டால் கடைக்காரருக்குச் சில காசும், சீட்டு வெளியிடும் நிறுவனத்துக்கு ஒரு பங்கும் கிடைக்கும். இந்தச் சீட்டு வியாபாரத்தில் மலேசியாவுக்கே ஒரு சரித்திரம் உண்டு: இங்கே வளர்ந்த எம்ஓஎல் நிறுவனம் 2014இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தை வரையில் சென்று, 2018இல் ரேசர் நிறுவனத்தின் கைக்கு மாறியது. இவற்றுக்கெல்லாம் போக மீதியானது ஆட்டத்தை உண்டாக்கியவர்களுக்குச் சேருகிறது. நம் இளைஞர்களிடையே மிகவும் புகழ்பெற்ற 'மொபைல் லெஜெண்ட்ஸ்' ஆட்டத்தை 2016இல் வெளியிட்டது ஷாங்காயைச் சேர்ந்த மூன்டன் நிறுவனம். அதை 2021இல் டிக்டாக்கின் தாய் நிறுவனமான பைட்டான்ஸ் விலைக்கு வாங்கியது. ஜாசினில் புறப்பட்ட பத்து வெள்ளி இப்படிக் கடல் கடந்து விடுகிறது.

ஆட்டத்துக்குள்ளே சில இடங்களில் பொருளை நேராக விற்காமல் குலுக்கலில் வைத்திருக்கிறார்கள். காசு கொடுத்துச் சுற்றினால் அரிய பொருளும் வரலாம், அற்பமானதும் வரலாம். நான்கு இலக்க எண் லாட்டரி எடுத்துப் பழகிய நம் பெரியவர்களுக்கு இந்த ஆசையின் சுபாவத்தை விளக்க வேண்டியதில்லை. ஆனால் எண் எடுக்கும் கடையில் சிறுவனுக்கு இடமில்லை. இங்கே சிறுவனுக்காகவே வண்ணம் பூசி வைத்திருக்கிறார்கள். பெல்ஜியம் 2018இல் இத்தகைய குலுக்கற் பெட்டிகளைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தது. ஆப்பிள் நிறுவனம் 2017இன் இறுதியிலிருந்து எந்தப் பொருள் எத்தனைக்கு ஒரு முறை விழும் என்ற வீதத்தை வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்று விதித்தது. சீன அரசு 2021 செப்டம்பர் முதல் 18 வயதுக்குட்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மாலை 8 முதல் 9 மணி வரை மட்டுமே இணைய விளையாட்டு ஆடலாம் என்று கட்டளையிட்டது. தமிழ்நாட்டில் பணம் வைத்து ஆடும் ரம்மியால் குடும்பங்கள் சீரழிந்து உயிர்களும் போனதையொட்டி 2022இல் சட்டசபை தனிச் சட்டம் இயற்றியது. பிற்பாடு 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றமே பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. பணத்தை வைத்துப் பணத்தைப் பிடிக்கும் ஆட்டம் வேறு, பொழுதுக்காக ஆடும் ஆட்டம் வேறு. இரண்டுக்கும் நடுவிலுள்ள வேலியைத்தான் இந்தக் குலுக்கல்கள் மெல்ல மெல்ல அரித்துவிடுகின்றன.

ஜனங்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று அறிய, அலோர் காஜாவிலும் மெர்லிமாவிலும் டுரியான் துங்காலிலும் எனக்குப் பழக்கமான வீடுகளில் பேசிப் பார்த்தேன். அபிப்பிராயங்கள் வயதைப் பொறுத்து மட்டும் பிரிந்திருக்கும் என்று எண்ணிச் சென்ற நான், அவை வீட்டின் நிலைமையைப் பொறுத்தும் பிரிந்திருக்கக் கண்டேன். பத்து பெராண்டாம் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்டு பார்க்கிற ஒரு தாய், "வெளிய மோட்டார்ல சுத்தறதுக்கு இது தேவலாம்ண்ணே. வேலையில இருக்கும்போது, புள்ள வீட்டுலதான் இருக்கான்னு ஒரு நிம்மதி" என்றார். அந்தச் சொல்லில் ஒரு வாழ்க்கையே அடங்கியிருந்தது. தோட்டத்தில் ஆயாக்கொட்டகை இருந்தது, பந்து விளையாடத் திடல் இருந்தது, எந்தப் பிள்ளை எங்கே போகிறது என்று பார்க்க நாற்பது வீட்டுக் கண்கள் இருந்தன. தாமானில் கதவும் கைப்பேசியும்தாம் இருக்கின்றன. தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவரோ வேறொன்று சொன்னார்: திங்கட்கிழமைக் காலையில் எந்தப் பிள்ளை எத்தனை மணி வரை ஆடியது என்பதை அதன் கண் இமையைப் பார்த்தே தம்மால் சொல்லிவிட முடியும் என்று.

இளைஞர்களின் கட்சியையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. "அப்பா ஒரு படத்தை மூணு தடவ தியேட்டர்ல பார்த்தேன்னு பெருமையாச் சொல்றாரு. நான் ஒரு ஸ்கின் வாங்குனா மட்டும் ஊதாரியா, அங்கிள்?" என்று ஒரு கல்லூரி மாணவன் கேட்டபோது எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அவன் மேலும் சொன்னான்: இந்த ஆட்டத்தில் ஐவர் ஓர் அணி, ஒருவன் அவசரப்பட்டால் மற்ற நால்வரும் வீழ்வார்கள், பொறுமையும் கூட்டுணர்வும் இல்லாதவன் இதில் தேறமாட்டான். அது உண்மையே. 2019இல் பிலிப்பைன்ஸில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் மின்விளையாட்டுக்குப் பதக்கமே வழங்கினார்கள். அதே ஆண்டு மொபைல் லெஜெண்ட்ஸின் முதல் உலகப் போட்டி கோலாலம்பூரில் நடந்தது. 2024இல் ரியாத்தில் நடந்த இடைப்பருவக் கோப்பையை மலேசிய அணியான சிலாங்கூர் ரெட் ஜையண்ட்ஸ் வென்று 10 லட்சம் அமெரிக்க டாலர் பரிசு பெற்றது. ஆனால் ஒரு கிராமத்தில் நூறு பேர் பந்து உதைத்தால் ஒருவன்கூட மாநில அணிக்குப் போவது அரிது. மற்றத் தொண்ணூற்றொன்பது பேருக்கு உடல்நலமாவது மிஞ்சியது. இங்கே மிஞ்சுவது என்ன என்று அந்தத் தம்பியே யோசிக்க வேண்டும் என்று அன்போடு சொல்லி வந்தேன்.

இனி ஆட்டத்தை விட்டுத் திரைக்காட்சிக்கு வருவோம். திருவிழாவின் கடைசி இரவில் தோட்டத்துத் திடலில் இரண்டு மூங்கில் நட்டு வெள்ளைத் துணி கட்டி, வண்டியில் வந்த இயந்திரம் படபடவென்று ஓட, முன்னே பாயில் பிள்ளைகளும் பின்னே நின்றபடி பெரியவர்களுமாக ஒரே படத்தை ஒரே மூச்சில் பார்த்த காலம் ஒன்றிருந்தது. அதற்கான செலவும் கோயில் வரியோடு வீட்டுக்கு இவ்வளவென்று வெளிப்படையாகத் தண்டப்பட்டது. பிறகு மலாக்கா நகரத்துக் கொட்டகைகள். பிறகு வீடியோ நாடா. 1996 முதல் ஆஸ்ட்ரோவின் வானவில் அலைவரிசை கூரைமேல் தட்டு வைத்த வீடெல்லாம் தமிழைக் கொண்டுவந்து இறக்கியது. 2016 ஜனவரியில் நெட்பிளிக்ஸ் மலேசியாவுக்கு வந்தது. 2019இல் கைப்பேசியில் மட்டும் பார்ப்பதற்கு மாதம் 17 வெள்ளிக்கு ஒரு திட்டம் வைத்தது. 2021 ஜூனில் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார் மூன்று மாதத்துக்கு 54 வெள்ளி 90 காசு என்று வந்தது. கொள்ளைநோய்க் காலத்து நடமாட்டக் கட்டுப்பாடு 2020 மார்ச் 18இல் தொடங்கிக் கொட்டகைகள் மூடிக் கிடந்தபோது, 'பொன்மகள் வந்தாள்' மே மாதத்திலும் 'சூரரைப் போற்று' நவம்பரிலும் நேராக அமேசான் பிரைம் தளத்தில் வெளியாயின. கொட்டகையைத் தேடி மனிதன் போவது மாறி, மனிதனைத் தேடிக் கொட்டகை வந்துவிட்டது.

இதனால் நேர்ந்த நன்மையை மறைப்பதற்கில்லை. முழங்கால் வலியால் வாசற்படி தாண்டாத மூதாட்டி தமக்குப் பிடித்த தொடரைத் தம் நேரத்தில் பார்க்கிறார். மாசி மகத்தன்று செங்கிலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு வர இயலாத உறவினர் சிங்கப்பூரிலிருந்தே நேரலையில் கும்பிட்டுக்கொள்கிறார். ஆயினும் செலவு ஒன்றாக இருந்தது பலவாகப் பிரிந்துவிட்டதே குடும்பத் தலைவர்களின் பெரிய குறை. லாரி ஓட்டுகிற நண்பர் ஒருவர் என்னெதிரிலேயே விரல்விட்டு எண்ணினார்: பழைய தட்டுக்குக் கட்டுவது, மகள் பார்க்கும் தளம், மகன் பார்க்கும் தளம், தாம் பந்தாட்டம் பார்ப்பது, இவையெல்லாம் ஓட வீட்டு இணையம். வெளிநாட்டு நிறுவனங்கள் வழங்கும் இத்தகைய சேவைகளுக்கு 2020 ஜனவரியில் 6 விழுக்காடு சேவை வரி வந்தது. 2024 மார்ச்சில் அது 8 ஆயிற்று. "ஒவ்வொன்னும் சின்னதாத்தான் தெரியுது. மொத்தமாக் கூட்டினா என் லாரிக்கு ஒரு டயர் வரும்போல" என்றவர், வேறொன்றும் சொன்னார்: ஐந்து பேர் கொண்ட அவர் வீட்டில் ஐந்து திரைகள் ஒரே வேளையில் எரிகின்றன, ஒருவர் சிரிப்பது ஏன் என்று மற்ற நால்வருக்கும் தெரிவதில்லை.

ஆட்டமும் காட்சியும் ஈட்டுகிற இந்த லாபத்தில் நமக்குப் பங்கே இல்லையா என்று கேட்டால், உண்டு. ஆனால் அது நம் கண் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. யூடியூபில் சாதாரணக் காணொளியோடு வரும் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு அதை ஆக்கியவருக்குச் சேரும். குறுங்காணொளிக்கு 45 விழுக்காடு. பார்ப்பவரின் ஒவ்வொரு நிமிஷமும் யாரோ ஒருவருக்குக் கூலியாகிறது. தோட்டத்தை விட்டுப் புறம்போக்கில் குடியேறிய பிள்ளைகளின் துயரத்தைச் சொல்லிய, சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' 2015இல் வெளிவந்து மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. நம் கதைக்குத் தகுதி இல்லை என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது. இந்த மண்ணின் பேச்சில், இந்த மண்ணின் சமையலையும் பாட்டையும் ஆட்டத்தையும் காட்டுகிற நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கும் அரை மணி நேரம் தர்மமன்று. அது அவர்களுக்குரிய கூலி. பத்து வெள்ளியில் ஒரு வெள்ளியாவது ஊர் திரும்பும் வழி அதுதான்.

மற்றபடி நான் சொல்லக்கூடிய யோசனை மிக எளியது. வீட்டுக் கணக்கில் அரிசி, மின்சாரம், பள்ளிக் கட்டணம் என்று எழுதுகிற அதே பக்கத்தில் ஆட்டத்துக்கும் காட்சிக்கும் ஆகிற செலவையும் எழுத வேண்டும். கைப்பேசியில் கடவுச்சொல் இன்றி எதையும் வாங்க இயலாதபடி அமைக்கும் வசதி இருக்கிறது. அதைச் செய்துவைக்க வேண்டும். குலுக்கலில் காசு போடுமுன் வீதம் எவ்வளவென்று பிள்ளையையே தேடிப் படிக்கச் சொல்ல வேண்டும். கணக்குப் பாடத்தில் அதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை. தடுப்பது ஒருநாள் பலிக்கும். எண்ணிப் பார்க்கப் பழக்கினால் ஆயுள் முழுதும் பலிக்கும்.

அந்தச் சனிக்கிழமை மாலை பாட்டியும் பேரனும் போன பிறகு எனக்கு மனம் அமைதிப்படவில்லை; வழி ஒன்றாகவே இருந்ததால் சற்று நேரத்தில் அவர்களைப் பேருந்து நிறுத்தத்தில் கண்டேன். பையன் கைப்பேசியில் தான் இதுவரை வாங்கியவற்றின் பட்டியலைத் திறந்து, நாள்வாரியாகப் படித்துக்கொண்டிருந்தான். பாட்டி கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தார். ஒரு கை முடிந்து மறுகையும் முடிந்து மீண்டும் முதற் கைக்கு வந்தபோது, பையனின் குரல் தானாகவே தணிந்தது. "போதும்ய்யா, இருபத்தாறு" என்றார் அவர். "இருநூத்தி அறுபது வெள்ளி. ஒரு நோட்டுல எழுதி வை. அடுத்த தடவ வாங்கும்போது இதுக்குக் கீழ எழுது." அவன் உடனே பதில் பேசவில்லை. பேருந்து வரும் வேளையில் திரையை அணைத்துவிட்டு, "பாட்டி, அந்தச் சங்கத்து ரசீது இன்னும் வீட்டுல இருக்கா?" என்று கேட்டான். தகரப் பெட்டியில் இருக்கிறது, தேடித் தருகிறேன் என்றார் அவர்.